அப்பாவுக்கு மூக்கு மடல்ல பேசல் செல் கார்சினோமாங்கற தோல் கேன்சர், மோஸ் சர்ஜரி பண்ணவங்க யாராச்சும் இருக்கீங்களா?

மஞ்சக்காடு
வணக்கமுங்க. அப்பாக்கு 67 வயசு, கோபி பக்கம் விவசாயம், மஞ்சளும் வாழையும். மூக்கோட எடது மடல்ல ஒரு கருப்பு புள்ளி நாலு வருசமா இருந்துச்சு, மச்சம்னு தான் எல்லாரும் நெனச்சோம். அது கொஞ்சம் தடிச்சு மினுமினுன்னு வந்தப்ப பக்கத்து டவுன்ல ஒரு கிளினிக்ல காட்டுனோம், மருன்னு சொல்லி கரண்ட் வெச்சு சுட்டு விட்டாங்க, பத்து நிமிச வேலை, சுட்டத எந்த டெஸ்டுக்கும் அனுப்பல. எட்டு மாசம் நல்லா இருந்துச்சு. அப்பறம் அதே எடத்துல பொருக்கு கட்டும், உதிரும், துண்டுல மொகம் தொடச்சா ரத்தம் ஒட்டும், மறுபடி பொருக்கு. அப்பா மஞ்சத்தூள வெச்சுட்டு காட்டுக்கு போயிருவாரு.

போன வாரம் பயாப்சி ரிப்போர்ட் வந்துச்சு. பேசல் செல் கார்சினோமா, நோடுலர் டைப், கொஞ்ச எடத்துல இன்ஃபில்ட்ரேட்டிவ், பிக்மென்டட். கேன்சர்ங்கற வார்த்தைய கேட்டதுல இருந்து அம்மா சரியா சாப்புடறதில்ல. ஒரு டாக்டர் ரேடியேசன் குடுத்துரலாங்கறாரு, இன்னொருத்தரு அகலமா வெட்டி எடுத்து உடனே தோல் மூடிரலாங்கறாரு, மூணாவது ஒருத்தரு இது மோஸ் பண்ண வேண்டிய கேஸு, அதுக்கு வேற ஊருக்கு போகணுங்கறாரு. மோஸ்னா என்ன, லேசரா? அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க, ஒன்னுமே ஓடல.

ஊசிக்காரன்
தம்பி, நான் தோல் டாக்டர், மதுரை. மொதல்ல அம்மாவ சாப்ட சொல்லுங்க. கேன்சர்லயே இது தனி ரகம், ரத்தத்துல ஏறி நுரையீரல் கல்லீரல்னு போறது அபூர்வத்துலயும் அபூர்வம், இத்தன வருசத்துல என்கிட்ட அப்படி ஒரு கேஸ் வந்ததில்ல. அதுக்காக சும்மா விட்ரவும் கூடாது, உக்காந்த எடத்துலயே தோண்டிக்கிட்டே போகும். தோலு, அதுக்கு கீழ குருத்தெலும்பு, அப்புறம் எலும்பு, கண்ணு ஓரத்துல வந்தா கண்ணு. பழைய புஸ்தகத்துல ரோடன்ட் அல்சர்னு போட்டிருக்கும், எலி கரம்புன புண்ணுன்னு அர்த்தம், பேரு சரியாத்தான் வச்சிருக்காங்க.

வெள்ளக்காரங்களுக்கு இது முத்து மாதிரி வெளுப்பா பளபளன்னு வரும், மேல நூலு நூலா ரத்தக்குழாய் தெரியும். நம்ம ஆளுகளுக்கு பெரும்பாலும் கருப்பா வரும், ரிப்போர்ட்ல பிக்மென்டட்னு போட்டிருக்கிறது அதத்தான், அதனாலதான் மச்சம்னு விட்டுர்றாங்க, இல்லாட்டி மருன்னு சுட்டுர்றாங்க. சுட்டதக் கூட விடுங்க, அதுல ஒரு துணுக்க எடுத்து லேபுக்கு அனுப்பிருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்.

உங்க அப்பாவுக்கு எடம் மூக்கு, ஏற்கனவே ஒரு தடவ கை வச்சு திரும்ப வந்திருக்கு, போதாக்குறைக்கு இன்ஃபில்ட்ரேட்டிவ் வேற. அப்படின்னா கட்டி முழுக்க உருண்டையா (நோடுலர்) இல்ல, கொஞ்ச எடத்துல கோரைக்கிழங்கு மாதிரி கீழயே வேர் ஓடிருக்கும்னு வச்சுக்கங்க. காட்டுல கோரைய மேலாக்க செதுக்கிட்டு வந்தா என்ன ஆகும்னு அப்பாவுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. மேல தெரியிறது ஒரு புள்ளி, கீழ எங்க போகுதுன்னு வெட்டுற சர்ஜன் கண்ணுக்குத் தெரியாது. இந்த மூணுல ஒன்னு இருந்தாலே மோஸ் பத்தி யோசிக்கணும், இவருக்கு மூணும் இருக்கு.

சும்மா_ஒரு_கேள்வி
அப்ப கீமோ வேணாமா சார்? எங்க ஊர்ல கேன்சர்னாலே முடி கொட்டும்னு தான் தெரியும்

ஊசிக்காரன்
வேணாம். ஆபரேசன் பண்ண முடியாத அளவு முத்திப்போன கேஸுக்கு மாத்திரை இருக்கு, விஸ்மோடெஜிப்னு, 2012ல வந்தது, அது தனிக்கதை. நூத்துக்கு தொண்ணூறுக்கு மேல கத்தியோட முடியிற விசயம் இது.

மூலிகை_நேசன்
நண்பா பயப்படாதீங்க. இதுக்கு போய் மூக்க அறுக்கணுமா. அம்மான் பச்சரிசி செடி ஒடிச்சா வர்ற பால காலைல சாயங்காலம் வைங்க, இல்ல சுண்ணாம்பும் வாஷிங் சோடாவும் கொழச்சு ஈர்க்குச்சி நுனில தொட்டு வைங்க, பத்து நாள்ல கருகி தானா விழுந்துரும். எங்க தாத்தா எத்தனையோ பேருக்கு மரு எடுத்திருக்காரு. ஆஸ்பத்திரில எல்லாம் காசு புடுங்கத்தான்.

ஊசிக்காரன்
நேசன், உங்க தாத்தா எடுத்தது மரு. மருவ கருக்குனா விழுந்துரும், மறுக்கல. இது மரு இல்லன்னு ரிப்போர்ட் கையில இருக்கு. சுண்ணாம்பு மேல இருக்கிறத கருக்கும், மேல தோல் மூடி வடு கட்டும், அடியில இருக்கிற வேர் அந்த வடுவுக்குக் கீழ நிம்மதியா ஓடும். அவங்க டவுன்ல கரண்ட் வச்சு பண்ணதும் கிட்டத்தட்ட இதே வேல தான், எட்டு மாசம் ஏமாந்தாங்க.

அம்மான் பச்சரிசின்னதும் ஒன்னு ஞாபகம் வருது. அதே குடும்பத்துல இன்னொரு செடியோட பால்ல இருந்து ஒரு ஜெல் எடுத்து, வெயில்ல தோல் சொரசொரன்னு ஆகி பின்னாடி கேன்சரா மாறக்கூடிய திட்டுக்கு 2012ல மருந்தா விட்டாங்க. 2020ல ஐரோப்பாவுல திரும்ப எடுத்துட்டாங்க, அத தடவுன எடத்துலயே தோல் கேன்சர் வர்ற மாதிரி தெரியுதுன்னு. செடிப்பால்ல சக்தி இல்லன்னு நான் சொல்லல, சக்தி இருக்கிறதாலதான் பயமே.

மெல்பேர்ண்_வாணி
மஞ்சக்காடு தம்பி, நான் யாழ்ப்பாணம், இப்ப மெல்பேர்ணில ஒரு லாப்பில வேலை செய்யிறன். பதினொரு வருசமா மோஸ் சிலைட் வெட்டுறது தான் என்ர வேலை. நோயாளியின்ர முகத்தை நான் காண்றதே குறைவு, அவையின்ர மூக்குத்துண்டைத்தான் காண்பன். இங்க எழுபது வயசுக்கு முன்னம் மூண்டு பேரில ரெண்டு பேருக்கு ஏதோ ஒரு தோல் கான்சர் வரும் எண்டு சொல்லுவினம், அதால மோஸ் எண்டது இங்க பல்லுப் புடுங்கிற மாதிரி ஒரு அன்றாட அலுவல்.

மோஸ் லேசர் இல்லை, அது ஒரு மனுசன்ர பேர். ஃபிரெடரிக் மோஸ், அமெரிக்காவில விஸ்கொன்சினில இருந்தவர். 1930களில மருத்துவம் படிக்கேக்கையே எலியின்ர கட்டிக்குள்ள ஒவ்வொரு ரசாயனமா ஊசி போட்டுப் பாத்தவர், அதில சிங்க் குளோரைட் போட்ட சதை செத்துப்போகுது, ஆனா மைக்ரோஸ்கோப்பில பாத்தா அதின்ர அமைப்பு கலையாம அப்பிடியே இருக்குது எண்டு கண்டார். அதுதான் தொடக்கம். புண்ணில சிங்க் குளோரைட் களிம்பு பூசி, ஒருநாள் விட்டு, ஒரு படலம் வெட்டி, பாத்து, கான்சர் மிச்சம் இருந்தா அந்த இடத்தில மட்டும் திரும்பவும் பூசி, அடுத்த நாள் அடுத்த படலம். நோயாளிக்கு சரியான நோவு. 1953ல ஒரு கண்மடல் கேஸில அவசரத்துக்குக் களிம்பு இல்லாம, பச்சைச் சதையையே உறைய வைச்சுப் பாத்தார், அதுவும் சரிவந்திட்டுது. 1974ல சான் ஃபிரான்சிஸ்கோவில ரெண்டு டொக்டர்மார் களிம்பே இல்லாமச் செய்த கேஸுகளை எழுதின பிறகு எல்லாரும் அந்த வழிக்கு வந்திட்டினம். சுண்ணாம்பு சொன்ன தம்பிக்கும் இதைத்தான் சொல்லுறன், கருக்கிற களிம்பை மோஸும் பூசினவர்தான், ஆனா கருக்கிப்போட்டுப் போகேல்லை, ஒவ்வொரு படலத்தையும் மைக்ரோஸ்கோப்பில பாத்தவர்.

இப்ப ஏன் மற்ற சேர்ஜரியை விட இது வித்தியாசம் எண்டு சொல்லுறன். சாதாரணமா வெட்டின துண்டு லாப்புக்கு வந்தா நாங்கள் அதைப் பாண் வெட்டுற மாதிரி நிறுத்தி வெட்டி, இங்க ஒரு துண்டு அங்க ஒரு துண்டு எண்டு சிலைட்டில வைப்பம். ரெண்டு துண்டுக்கும் நடுவில இருக்கிற ஓரத்தை ஒருத்தரும் பாக்கிறேல்லை. கணக்குப் பாத்தா மொத்த ஓரத்தில நூறில ஒரு பங்கு கூட சிலைட்டுக்கு வராது. "ஓரம் கிளியர்" எண்டு ரிப்போர்ட் வரும், அது பாத்த ஓரம் கிளியர் எண்டு மட்டும்தான்.

மோஸில டொக்டர் கத்தியைச் சரிச்சுப் பிடிச்சு ஒரு தட்டுப் போல வெட்டுவார், அப்பம் மாதிரி எண்டு நினையுங்கோ. வெட்டமுதல் தோலிலயும் துண்டிலயும் சேர்த்து ஒரு சின்னக் கீறல் போடுவார், எந்தப் பக்கம் மேல் எண்டு பிறகு குழம்பாமல் இருக்க. அந்த அப்பம் என்ர கைக்கு வந்தவுடன, ஓரங்களுக்கு நிறம் பூசுவன், ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் சிவப்பு, பிறகு அப்பத்தின்ர விளிம்பை மெதுவா கீழ அமத்தி தட்டையாக்குவன். விளிம்பும் அடியும் ஒரே மட்டத்துக்கு வரவேணும், அதுதான் கைப்பழக்கம், ஒரு மூலை மடங்கினாலும் அந்த மூலையில இருக்கிறதை டொக்டர் காணமாட்டார். மைனஸ் 25 பாகை மட்டில உறைய வைச்சு, அடிப்பக்கத்தில இருந்து ஒரு மில்லிமீட்டரில நூறில ஒரு பங்கிலும் மெல்லிசாச் சீவி, சாயம் போட்டுக் குடுத்தா, சுத்து ஓரமும் அடியும் முழுக்க ஒரே சிலைட்டில. டொக்டர் தானே மைக்ரோஸ்கோப்பில பாப்பார். நீல நிறத்தில ஒரு கூட்டம், அதின்ர விளிம்பில செல் எல்லாம் வேலிக்கதியால் நட்ட மாதிரி வரிசையா நிக்கும், அதுதான் பேசல் செல். எந்த நிறத்துக்குக் கிட்ட நிக்குது எண்டு பாத்து வரைபடத்தில குறிச்சு, அந்த இடத்தில மட்டும் இன்னும் ஒரு படலம் எடுப்பார். நல்ல தோலைத் தொடமாட்டார். மூக்கில ஒவ்வொரு மில்லிமீட்டரும் காசு தம்பி.

சும்மா_ஒரு_கேள்வி
அக்கா பாண்னா பிரெட்டா? அப்பம்னா நம்ம ஆப்பம் தானே. இனிமே ஆப்பம் சாப்டும்போதெல்லாம் இது ஞாபகம் வருமே 😐

மெல்பேர்ண்_வாணி
ஓம் பிரெட் தான். நான் பதினொரு வருசமா ரெண்டையும் சாப்பிடுறன், ஒண்டும் ஆகேல்லை 😄

முதுகுல_வெட்டு
நான் கொஞ்சம் எதிர்ப்பாட்டு பாடிக்கிறேன். எனக்கும் இதே வியாதி தான், முதுகுல, 6 மில்லிமீட்டர், ஓரம் தெளிவா தெரியிற வட்டம். சென்னைல ஒரு பிளாஸ்டிக் சர்ஜன் சுத்தி 4 மில்லிமீட்டர் நல்ல தோல் விட்டு பேனால வட்டம் போட்டு, அத ஒரு கண்ணு வடிவமாக்கி வெட்டி எடுத்து தையல் போட்டாரு, மரத்துப்போற ஊசி மட்டும் தான், அர மணி நேரத்துல சட்ட மாட்டிட்டு பைக்ல வீட்டுக்கு வந்துட்டேன் (பைக் ஓட்டுனது தப்பு, ஒரு தையல் பிரிஞ்சுச்சு, பொண்டாட்டி கிட்ட திட்டு). அஞ்சு வருசம் ஆச்சு. மோஸ் மோஸ்னு எல்லாரையும் பயமுறுத்தாதீங்க, ஊர் ஊரா அலைய விட்றாதீங்க. சின்னதா, மொதமொறையா, முதுகுலயோ வயித்துலயோ வந்தா சாதா சர்ஜரியே தாராளம்.

ஊசிக்காரன்
முதுகு சொல்றது நூத்துக்கு நூறு சரி. 2 சென்டிமீட்டருக்கு கம்மியா, ஓரம் தெளிவா, ஆபத்தில்லாத எடத்துல இருந்தா 4 மில்லிமீட்டர் விட்டு வெட்டுனாலே 95 சதவீதம் முழுசா வந்துரும், 1987லயே அளந்து பாத்து எழுதிட்டாங்க. ஆனா மூக்கு மடல்ல 4 மில்லிமீட்டர எங்க போய் விடுறது? அங்க மொத்தமே எம்புட்டு எடம் இருக்கு.

நெதர்லாந்துல மொகத்துல வந்த பேசல் செல் கேஸ்கள குலுக்கல் போட்டு ரெண்டா பிரிச்சு, பாதிக்கு சாதா சர்ஜரி, பாதிக்கு மோஸ்னு பண்ணி 10 வருசம் பாத்தாங்க. மொதமொறையா வந்ததுல சாதா சர்ஜரிக்கு அப்புறம் 12.2 சதவீதம் திரும்பி வந்துச்சு, மோஸுக்கு அப்புறம் 4.4. ஏற்கனவே ஒருக்கா வந்து திரும்பி வந்த கேஸ்ல 13.5க்கு 3.9. இதுல பாதிக்கு மேல அஞ்சு வருசம் கழிச்சுத்தான் திரும்பி வந்திருக்கு, மொதமொற கேஸ்ல. அதனால முதுகு சார், அஞ்சு வருசம் ஆச்சுன்னு செக்கப்ப நிறுத்திராதீங்க.

ரேடியேசன் பத்தி கேட்டீங்கல்ல. ஆபரேசன் தாங்க முடியாத வயசானவங்களுக்கு அது நல்ல வழி தான், ஊசி கூட கிடையாது. பிரான்சுல 347 பேர வச்சு பண்ண ஆராய்ச்சில நாலு வருசத்துல சர்ஜரில 0.7 சதவீதம், ரேடியேசன்ல 7.5 சதவீதம் தோத்துச்சு, வடுவும் வருசம் போகப் போக ரேடியேசன்ல தான் மோசமாச்சு. 67 வயசுல மஞ்சக்காட்டுல வேல பாக்குற மனுசனுக்கு நான் அத மொத வழியா சொல்ல மாட்டேன்.

மோஸ் நம்ம நாட்டுல விரல் விட்டு எண்ற எடத்துல தான் ஒழுங்கா நடக்குது. போக முடியலன்னா, உங்க சர்ஜன் கிட்டயே ஃப்ரோசன் செக்சன், அதாவது வெட்டுன துண்ட அப்பவே உறைய வச்சு ஓரம் பாக்குற வசதி இருக்கான்னு கேளுங்க. அதுவும் இல்லைனா வெட்டி எடுத்துட்டு மேல கட்டு மட்டும் போட்டு, சாதா பயாப்சியா ஓரம் முழுக்க பாக்க சொல்லி ரிப்போர்ட் வந்தப்புறம் நாலஞ்சு நாள் கழிச்சு மூடலாம், அதுக்கு ஸ்லோ மோஸ்னே பேரு. புண்ணு ஒரு வாரம் தெறந்து இருந்தா ஒன்னும் ஆயிறாது. எந்த வழில போனாலும், ஓரம் கிளியர்னு தெரியாம மேல சதையத் திருப்பிப் போட்டு மூடாதீங்க. உள்ள மிச்சம் இருந்தா அது மேல ஒரு போர்வைய போத்தி விட்ட மாதிரி, வெளிய தெரியவே வருசக்கணக்காகும், தெரியிறப்ப எங்க இருந்து தோண்டுறதுன்னே தெரியாது. "உடனே தோல் மூடிரலாம்"னு சொன்ன டாக்டர் கிட்ட இந்த ஒரு கேள்விய கேளுங்க.

மஞ்சக்காடு
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. ஊசிக்காரன் சார் சொன்ன கேள்விய அந்த டாக்டர் கிட்ட கேட்டேன், "ரிப்போர்ட்ல பாசிட்டிவ்னு வந்தா மறுபடி பாத்துக்கலாம்"னாரு. மறுபடின்னா மூடுனத பிரிக்கறதா சார்னு கேட்டேன், பதில் வரல. அப்பவே முடிவு பண்ணிட்டோம், வேற ஊருக்கு போறோம். வாணி அக்கா, நீங்க எழுதுனத அம்மாக்கு படிச்சு காட்டுனேன், அப்பம் கதைய ரெண்டு தடவ கேட்டாங்க.

பழைய_சாக்பீஸ்
ரிட்டயர்டு வரலாறு வாத்தியார் நான், மருத்துவம் தெரியாது. ஆனால் மூக்கு என்றதும் வாய் சும்மா இருக்க மாட்டேங்குது. மூக்கை மூட நெற்றித் தோலைத் திருப்பிப் போடுவார்கள் என்று டாக்டர் சொன்னால் பயப்படாதீங்க, அது நம்ம ஊர் சரக்கு. கவாஸ்ஜி என்று ஒருத்தர், கம்பெனிப் பட்டாளத்துக்கு மாட்டு வண்டி ஓட்டியவர், 1792 போரில் திப்புவின் ஆட்களிடம் மாட்டி மூக்கும் ஒரு கையும் போயிற்று. ஒரு வருசம் மூக்கில்லாமல் இருந்தார். புனே பக்கம் இதைப் பரம்பரையாகச் செய்கிற ஒருத்தர், மெழுகைத் தட்டி மூக்குக்கு அளவெடுத்து, அந்த மெழுகை நெற்றியில் விரித்து வைத்துக் கோடு போட்டு, புருவத்துக்கு நடுவில் ஒரு காம்பை மட்டும் விட்டுவிட்டு தோலை உரித்துத் திருப்பி மூக்கில் வைத்தார். தையல் கிடையாது, வெற்றிலைக்குப் போடுகிற காசுக்கட்டியைத் தண்ணீரில் குழைத்துத் துணியில் தடவி ஒட்டினார்கள். இருபத்தைந்தாம் நாள் வாக்கில் காம்பை அறுத்துவிட்டார்கள். பம்பாய் டாக்டர்கள் இரண்டு பேர் கூட நின்று பார்த்திருக்கிறார்கள். 1794 அக்டோபரில் லண்டன் ஜென்டில்மேன்ஸ் மேகசினில் படத்தோடு வந்தது. அதைப் படித்துத்தான் கார்ப்யூ என்கிற லண்டன் சர்ஜன் பிணத்தில் பழகிப் பார்த்து 1814ல் செய்தார். சுசுருதர் சொன்னது கன்னத்துத் தோல், நெற்றி அல்ல, இதை வாட்ஸாப்பில் எல்லாரும் மாற்றி எழுதுகிறார்கள்.

மூலிகை_நேசன்
வாத்தியாரே இத பள்ளிக்கூடத்துல சொல்லிருந்தா நான் அப்பவே ஒழுங்கா படிச்சிருப்பேன்

மஞ்சக்காடு
அப்டேட். போய்ட்டு வந்தாச்சு, ஆபரேசன் அடுத்த வாரம். மோஸ் டாக்டரு டார்ச் மாதிரி ஒரு லென்ஸ மூக்கு மேல வெச்சு பாத்தாரு, சுட்ட வடுவுக்கு வெளியயும் கருப்பு துணுக்கு சிதறி கெடக்குன்னு செல்போன்ல காட்டுனாரு. ஹார்ட்டுக்கு அப்பா ஆஸ்பிரின் சாப்புடறாரு, நீங்களா நிறுத்தாதீங்க, ரத்தம் கசிஞ்சா நான் பாத்துக்கறேன்னுட்டாரு. ஆனா பீடி மட்டும் கண்டிசன். நெத்தித்தோல் புது எடத்துல புடிக்கறதுக்கு சின்ன சின்ன ரத்தக்குழாய் தான் கதி, பீடி அத சுருக்கிரும், நுனி கருத்து போயிரும், நீங்க நிறுத்துனா தான் கத்திய எடுப்பேன்னு சொல்லிட்டாரு. அம்மா நாப்பது வருசமா சொல்லி கேக்காத மனுசன் அன்னிக்கு பஸ் ஸ்டாண்டுலயே கட்ட தூக்கி போட்டாரு. ரெண்டு நாளா எல்லார் மேலயும் எரிஞ்சு விழுகறாரு.

மஞ்சக்காடு
நேத்து மோஸ் முடிஞ்சுச்சுங்க, கொஞ்சம் பெருசா எழுதறேன்.

காலைல ஒம்போதுக்கு உள்ள போனாரு. மூக்குல ஊசி போடறது தான் பயங்கரமா வலிச்சுதுன்னாரு, கண்ணுல தண்ணி தாரதாரயா வந்துருச்சு, அதுக்கப்பறம் அழுத்தற மாதிரி தெரியுதே தவிர வலி இல்லையாம். இருவது நிமிசத்துல மூக்குல ஒரு பெரிய பஞ்சுக்கட்டோட வெளிய வந்து எங்க கூடவே பெஞ்சுல உக்காந்துட்டாரு. கேன்சர் ஆபரேசன் பாதில நோயாளி வெளிய வந்து தயிர்சாதம் சாப்புடறத அன்னிக்கு தான் பாத்தேன். ஒன்னேகால் மணி நேரம் காத்திருந்தோம். வாணி அக்கா மாதிரி யாரோ உள்ள விளிம்ப அமத்திட்டு இருப்பாங்கன்னு அம்மா கிட்ட சொன்னேன்.

டாக்டரு ஒரு பேப்பரோட வந்தாரு, மூக்கு படம் வரஞ்சு கடிகாரம் மாதிரி நம்பர் போட்டு ரெண்டு எடத்துல செவப்புல கோடு. கன்னத்து பக்கம் மூணு மணி திசைல ஒன்னு, மடலுக்கும் கன்னத்துக்கும் நடுவுல இருக்கற பள்ளத்துல அடியில ஒன்னு. சுட்ட எடத்துக்கு நேர் கீழ இல்ல, தள்ளி. அப்பா அத பாத்துட்டு "நம்ம சர்வேயர் படம் மாதிரியே இருக்குதே, இன்னும் கொஞ்சம் பொறம்போக்கு நம்ம வேலிக்குள்ள இருக்குங்கறாரு"ன்னாரு. ரெண்டாவது தடவ அந்த ரெண்டு எடத்துல மட்டும் எடுத்தாங்க, மறுபடி காத்திருந்தோம், மூணு மணி பக்கம் கிளியர், பள்ளத்துல மட்டும் இன்னும் இருக்குன்னாங்க. மூணாவது தடவ. மணி மூணே முக்காலுக்கு டாக்டரே வெளிய வந்து கட்டைவிரல காட்டுனாரு. அம்மா அழுதுட்டாங்க, டாக்டருக்கு என்ன பண்றதுன்னு தெரியல பாவம்.

ஓட்டைய கட்டு மாத்தறப்ப பாத்தேன். வெளிய ஒரு சென்டிமீட்டர் புள்ளியா இருந்தது இப்ப ஒரு ரூபா காசு அளவுக்கு பள்ளம், மூக்கு மடல்ல பெரும்பகுதி இல்ல. மயக்கம் வர மாதிரி இருந்துச்சு. இத மொதல்ல சொன்ன மாதிரி கண்ணளவுல வெட்டி அப்பவே மூடியிருந்தா அந்த பள்ளத்துல இருந்தது உள்ளயே இருந்திருக்கும். இன்னிக்கு காலைல பிளாஸ்டிக் சர்ஜன் நெத்தித்தோல் வெச்சு மூடுனாரு, மூச்சு இழுக்கறப்ப மடல் உள்ள ஒட்டிக்காம இருக்க காதுல இருந்து ஒரு துண்டு குருத்தெலும்பு எடுத்து உள்ள கொடுத்திருக்காங்க. வாத்தியார் ஐயா சொன்ன அதே முறை, மெழுகுக்கு பதிலா தையல் நூல் பாக்கெட்டோட அலுமினிய தாள வெட்டி அளவெடுத்தாங்களாம். அப்பாக்கு நெத்தி சின்னது, தோல் பத்தாம முடி வளர்ற எடம் வரைக்கும் போக வேண்டி இருந்துச்சு, பின்னாடி அதனால ஒரு சின்ன தொல்லை இருக்கும்னு சர்ஜன் சிரிச்சுட்டே சொன்னாரு.

மெல்பேர்ண்_வாணி
வாசிக்க நல்ல சந்தோசம் தம்பி. மூண்டு படலம் எண்டது அதிகமில்லை, பயப்பிடாதேங்கோ. எங்களிட்ட ஒருக்கா ஏழு போனது, அவர் ஏழாவதுக்குப் பிறகு லாப்புக்கே வந்து ஆர் வெட்டுறது எண்டு பாத்திட்டுப் போனவர். அந்த வரைபடத்தின்ர கொப்பி ஒண்டு வாங்கி வைச்சிருங்கோ, நாளைக்கு வேற டொக்டரிட்ட போனாலும் உதவும்.

மஞ்சக்காடு
பத்தாவது நாள். புருவத்துக்கு நடுவுல இருந்து மூக்கு வரைக்கும் ஒரு சதைக்காம்பு தொங்குது, பேரன் "யானைத் தாத்தா"ன்னு பேரு வெச்சுட்டான். கண்ணாடி போட முடியல, அதனால பேப்பர் நான் தான் படிச்சு காட்டணும். அதிசயம் என்னன்னா மூக்க தொட்டா நெத்திய தொடற மாதிரி இருக்குங்கறாரு. ஈ ஒன்னு மூக்குல உக்காந்துச்சு, நெத்தில அடிச்சுட்டாரு. இது சரி தானுங்களா டாக்டர்?

ஊசிக்காரன்
சரி தான் தம்பி. தோல் தான் எடம் மாறிருக்கு, அதுல இருக்கிற நரம்பு இன்னும் நெத்தி வீட்டு அட்ரஸ்ல தான் இருக்கு. காம்ப வெட்டுனப்புறம் கொஞ்ச நாள் மரத்துப் போயிருக்கும், அப்புறம் மெல்ல உணர்ச்சி வரும். பீடி?

மஞ்சக்காடு
இன்னும் தொடல. பாக்கு போடறாரு, அத அடுத்த சண்டைக்கு வெச்சிருக்கோம்.

மஞ்சக்காடு
இருவத்திரெண்டாம் நாள் காம்ப வெட்டிட்டாங்க, மரத்துப்போற ஊசிலயே முக்கா மணி நேரம். நெத்தில மேல முழுசா சேத்து தைக்க முடியாம கொஞ்சம் தெறந்தே விட்டாங்க, அது தானா சதை வளந்து மூடிக்கிச்சு, தெனம் வாசலின் தடவி கட்டு மாத்துனது மட்டும் தான்.

ஒரு கடுப்பு கதையும் இருக்கு. இன்சூரன்ஸ் கம்பெனி மோஸுக்கு காசு குடுத்துட்டு நெத்தித்தோல் ஆபரேசன காஸ்மெட்டிக்னு சொல்லி தள்ளிட்டாங்க. மூக்கில்லாத மனுசனுக்கு மூக்கு வெக்கறது அழகுக்காகவாம். பிளாஸ்டிக் சர்ஜன் கிட்ட மடல் இல்லாட்டி மூச்சு வழி அடைக்கும்னு லெட்டர், பயாப்சி ரிப்போர்ட், ஓட்டையோட போட்டோ, வாணி அக்கா சொல்லி வாங்கி வெச்ச அந்த வரைபடம், எல்லாத்தயும் வெச்சு மேல்முறையீடு பண்ணோம். ஏழு வாரம் இழுத்து குடுத்துட்டாங்க. போட்டோ எடுக்க சங்கடமா இருக்கும், ஆனா எடுத்து வைங்க.

கண்ணோரம்
இந்த இழைய முழுசா படிச்சேன். எங்க அத்தைக்கு கீழ் இமைல, மூக்கு பக்கத்து ஓரத்துல ஒரு வருசமா ஆறாத புண்ணு, இன்னும் பயாப்சியே பண்ணல, கண்ணுல ஊசி குத்துவாங்கன்னு பயப்படுறாங்க. காத்திருக்கலாமா?

ஊசிக்காரன்
காத்திருக்காதீங்க, அந்த ஓரம் ரொம்ப மோசமான எடம், கண்ணுக்குழி பக்கத்துலயே இருக்கு, கண்ணீர் போற குழாயும் அங்க தான். ஊசி இமைத்தோல்ல தான், கண்ணுல இல்ல. கண் பிளாஸ்டிக் சர்ஜன் ஒருத்தர இந்த வாரமே பாருங்க, ரிப்போர்ட் வந்ததும் என்ன டைப்னு இங்க போடுங்க.

மஞ்சக்காடு
கண்ணோரம், எங்க அப்பாவ மாதிரி நாலு வருசம் விட்றாதீங்க. அத்தைக்கு பயமா இருந்தா அப்பா கிட்ட போன்ல பேச சொல்றேன், ஊசி பத்தி நல்லா வெவரமா சொல்லுவாரு, கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவாரு.

அஞ்சு மாசம் ஆச்சு, செக்கப்ல எல்லாம் சுத்தம், ஆறு மாசத்துக்கு ஒருக்கா வர சொல்லிருக்காங்க. நெத்தில ஒரு கோடு, விபூதி பூசுனா தெரியல. காட்டுக்கு போறப்ப அகலத் தொப்பி வாங்கி குடுத்தேன், அது சோளக்கொல்ல பொம்ம மாதிரி இருக்குன்னு அத ஆட்டுக்கொட்டாய்ல மாட்டிட்டு பழையபடி துண்டத்தான் கட்டிக்கறாரு, ஆனா இப்ப மூக்கு வரைக்கும் எறக்கி கட்டறாரு. சர்ஜன் சிரிச்சுட்டே சொன்ன அந்த தொல்லை வந்துருச்சு. முடி வளர்ற எடத்துல இருந்து எடுத்த தோலாச்சா, மடல் நுனில நாலஞ்சு நரை முடி மொளைக்குது. லேசர்ல எடுத்துரலாம்னாங்க, வேண்டாங்கறாரு. ஞாயித்துக்கெழம சலூன்ல மீசைக்கு சோப்பு போடறப்பவே மூக்குக்கும் கொஞ்சம் போட சொல்லி செரச்சுட்டு வந்துர்றாரு, சலூன்காரரு அதுக்கு தனியா அஞ்சு ரூபா கேக்கறாருன்னு தான் இப்ப வீட்ல ஒரே பொலம்பல்.